இரட்டைக்குழல்: புதிதை வாங்கிச் சீர்செய்வதா, பழகியதைத் தேடிப் பிடிப்பதா?

என் முதல் கௌபாய் துப்பாக்கிச் சுடும் போட்டியில் எனக்கு நடந்தது இது. எதிரே நான்கு இரும்புத் தகடுகள். முதல் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. துப்பாக்கியை மடித்துத் திறந்து, பின்னோக்கி ஓர் உதறு உதறினேன். வலக்குழலின் வெற்றுக்கூடு தோளைத் தாண்டிப் பறந்தது. இடக்குழலில் இருந்தது அசையவில்லை. மறுபடி உதறினேன். பிறகு கட்டைவிரல் நகத்தைப் பித்தளை விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். நகம் பின்னுக்கு மடங்கிய பிறகுதான் கூடு வந்தது. எனக்கு அடுத்துச் சுட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நான் அந்த ஒரு கூட்டோடு மல்லுக்கட்டிய நேரத்துக்குள் நான்கு தகடுகளையும் சாய்த்துவிட்டு, குனிந்து தன் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் இருந்ததும் இரட்டைக்குழல்தான். பன்னிரண்டு போர் (குழலின் உள்ளளவு), பக்கம் பக்கமாக இரு குழல்கள், நம் ஊர் வங்கி வாசலில் காவலர் தோளில் தொங்குமே அதே சாதி. ஆனால் துப்பாக்கியைத் திறக்கும் மேல்நெம்பைத் தொட்டதும் குழல்கள் தாமாகவே கீழே சாய்ந்தன. என்னுடையதைத் திறக்க முழங்காலின் உதவி தேவைப்பட்டது.

இந்த விளையாட்டுக்குள் புதிதாக வரும் நண்பர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மலிவான புதுத் துப்பாக்கியை வாங்கிக் கையாலேயே கொஞ்சம் சீர்செய்துகொள்வதா? அதைக் கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், கொடுத்து முழுதாகச் செப்பனிடுவதா? கூடுதல் பணம் கொடுத்துப் பழைய ஜப்பானியத் துப்பாக்கியைத் தேடுவதா? இல்லை, இரட்டைக்குழலே வேண்டாமென்று, முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் பம்ப் துப்பாக்கிக்குப் போய்விடுவதா?

## விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை

கௌபாய் ஆக்ஷன் ஷூட்டிங் 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் பிறந்தது. 'எண்ட் ஆஃப் டிரெயில்' என்ற முதல் பெரிய போட்டி 1982இல் நடந்தது. விதிகளை வகுக்கும் சிங்கிள் ஆக்ஷன் ஷூட்டிங் சொசைட்டி 1987இல் தோன்றியது. எல்லோரும் 'சாஸ்' என்றே சொல்கிறார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பழைய கௌபாய் காலத்துக்குப் பொருந்தும் ஒரு புனைபெயர் உண்டு. ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வடிவமைப்பாக இருக்க வேண்டும். இரண்டு சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்கள், ஒரு லீவர் ரைபிள், ரவை சுடும் ஒரு ஷாட்கன் (நம் இரட்டைக்குழல் இந்த வகைதான்). ஒரு சுற்றில் பெரும்பாலும் நான்குக்கும் வேலை இருக்கும். மொத்த நேரம்தான் மதிப்பெண். தவறவிட்ட இலக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி கூடும்.

ஷாட்கன் மட்டும் வாய் திறந்தபடி, காலியாக, மேசையில் காத்திருக்கும். டைமர் ஒலித்த பிறகுதான் இடுப்புப் பட்டையிலிருந்து தோட்டாக்களை உருவி நிரப்ப வேண்டும். தகடுகள் பெரும்பாலும் எட்டு முதல் பதினாறு கஜத்துக்குள் நிற்கும். அந்தத் தூரத்தில் பன்னிரண்டு போர் ரவை தகட்டைத் தவறவிடுவது கடினம். எனவே இரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசம் குறி வைப்பதில் வருவதில்லை. திறந்து, உதறி, நிரப்பி, மூடுவதில் வருகிறது. செலவழிக்கும் ஒவ்வொரு டாலரையும் இந்த நான்கு அசைவுகளை வைத்தே எடை போட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் நண்பரின் நண்பர் சொன்னதை நம்பிக் கடைக்குப் போக வேண்டாம்; வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி.

## எதை வைத்து அளப்பது

முதலாவது உதறல். ஒரே உதறலில் இரண்டு கூடுகளும் விழுகின்றனவா? வெற்றுக்கூட்டைத் தானாக வீசியெறியும் எஜெக்டரை சாஸ் விதி அனுமதிப்பதில்லை. கூட்டைச் சற்றே வெளியே தூக்கிக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மட்டுமே இருக்கலாம். மீதி வேலை கையினுடையது, அறைச் சுவரினுடையது.

இரண்டாவது, திறப்பதும் மூடுவதும். குதிரை (விசையை இழுத்ததும் அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) உள்ளே மறைந்திருக்கும் துப்பாக்கிகளில், குழலை மடிக்கும் அந்த அசைவேதான் உள்ளே இருக்கும் இரு ஸ்பிரிங்குகளையும் அழுத்திக் குதிரைகளை ஏற்றுகிறது. புதுத் துப்பாக்கி அடம்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

மூன்றாவது, நம்பகம். விசையை இழுத்தால் ஒவ்வொரு முறையும் வெடிக்க வேண்டும். திறப்பதை எளிதாக்கப் போய் இதைக் கோட்டைவிடுவது சுலபம். 'கோளாறாகிவிட்டது, மறுபடி சுடுகிறேன்' என்று கேட்க இந்தப் போட்டியில் இடமில்லை.

பிறகு, மொத்தச் செலவு. கடையில் எழுதியிருக்கும் விலையோடு அனுப்பும் செலவு, காத்திருக்கும் மாதங்கள், போன வாரண்டி, கிடைக்காத உதிரிபாகம், விற்கும்போது விழும் அடி எல்லாவற்றையும் கூட்டினால் வருவது. ஒவ்வொன்றும் விதிக்கும் சட்டத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. குழலை அறுக்க நினைப்பவர்களுக்கு மட்டும் பின்னால் சொல்கிறேன்.

## வழி ஒன்று: மலிவான புதுத் துப்பாக்கி, வீட்டில் சிறு வேலை

இந்தப் பிரிவில் அதிகம் தட்டுப்படும் பெயர் ஸ்டோகர் கோச் கன். பிரேசிலில் தயாராவது, இருபது அங்குலக் குழல், ஒற்றை விசை, இரட்டை விசை என்று இரு வகை. ஐநூறு டாலரை ஒட்டிய விலையில் கிடைக்கும். முரட்டு உறுதி. புதிதில் இறுக்கம் என்பதை அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். புளியமரத்தடியில் சைக்கிள் கற்ற கதைதான்: முதல் வண்டி கனமாக இருந்தால் நஷ்டமில்லை.

வீட்டில் செய்யத் தகுந்த வேலைகளில் முதலிடம் தோட்டா அறையை மெருகேற்றுவதற்கு. டார்ச் அடித்து அறைக்குள் பாருங்கள். தொழிற்சாலையில் கடைந்த கருவி விட்டுப்போன மெல்லிய வளையக் கோடுகள் தெரியும். சுடும்போது கூட்டின் பிளாஸ்டிக் விரிந்து அந்தக் கோடுகளில் போய்ப் படிகிறது. அறை கண்ணாடிபோல் இருந்தால் பிடித்துக்கொள்ள அதற்கு இடமில்லை. இதற்கென்றே ஃப்ளெக்ஸ் ஹோன் என்ற தூரிகை விற்கிறார்கள். கம்பியின் நுனிகளில் மிளகு மணிபோல உருண்டை உருண்டையாகத் தேய்ப்புப் பொருள் ஒட்டியிருக்கும். குழல்களைத் தனியே கழற்றி, தாராளமாக எண்ணெய் விட்டு, டிரில்லில் மாட்டி, ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கோடுகள் மங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பலருக்குக் கை நிற்பதில்லை. மெருகேற்றுவது வேறு, அறையை அகலமாக்குவது வேறு. அகன்ற அறையில் கூடு இன்னும் அதிகம் உப்பிச் சிக்கும். முடிந்ததும் அந்தத் தேய்ப்புத் தூளை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவித் துடைக்க வேண்டும். நான் மூன்று முறை துடைத்த பிறகும் நான்காவது துணியில் சாம்பல் நிறம் வந்தது.

இரண்டாவது வேலைக்குக் கருவியே வேண்டாம். கீல் ஊசியிலும், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பிலும் கிரீஸ் தடவி, தினமும் மாலையில் போலித் தோட்டா போட்டு நூறு முறை திறந்து மூடுங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். துப்பாக்கிக்கும் பழகும், கைக்கும் பழகும். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

மூன்றாவது, தோட்டா. துப்பாக்கிக்கு நூறு டாலர் செலவழிக்கத் தயாராக இருப்பவர், பெட்டிக்கு இரண்டு டாலர் மிச்சம் என்று மொத்தக் கட்டுத் தோட்டாவை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் வாங்கினேன். நகம் மடங்கியது அதனால்தான். மலிவுத் தோட்டாக்கள் பலவற்றில் தலைப்பகுதி பித்தளைபோல் மின்னும், உள்ளே இரும்பு. பித்தளை விரிந்த பிறகு ஓரளவு திரும்பச் சுருங்கும். இரும்பு அவ்வளவு சுருங்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வின்செஸ்டர் டபுள் ஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் ஆகிய இரண்டின் கூடுகளும் வழுக்கிக்கொண்டு வெளியேறுபவை என்று இந்த வட்டத்தில் பெயர் வாங்கியவை. டபுள் ஏ வரிசையில் விநாடிக்கு 980 அடி வேகத்தில் போகும் மென்மையான தோட்டா ஒன்று உண்டு. பதினாறு கஜத் தகட்டுக்கு அது போதும். தோளும் நன்றி சொல்லும். ஒரே ஓர் எச்சரிக்கை: சில ஒற்றை விசைத் துப்பாக்கிகள் முதல் வெடியின் உதைப்பை வைத்துத்தான் இரண்டாம் குழலுக்கு மாறுகின்றன. தோட்டா மிக மென்மையானால் இரண்டாம் முறை விசை செத்துக் கிடக்கும். மொத்தமாக வாங்கும் முன் ஒரு பெட்டியைச் சுட்டுப் பாருங்கள்.

வீட்டில் தொடக் கூடாதவை: விசை, அதைத் தாங்கும் கொக்கி, குதிரை ஸ்பிரிங். நல்ல அரம் வைத்திருப்பது ஒரு தகுதி ஆகாது. அறையின் வாய் விளிம்பைச் சரித்துவிட்டால் தோட்டா தடுமாறாமல் உள்ளே விழும் என்பது உண்மை. ஆனால் தோட்டாவின் விளிம்பு உட்காரும் படியையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் அந்தக் குழல் பிறகு எதற்கும் உதவாது. அதையும் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பணத்தில் வருவதில்லை. உதறல் பிரச்சினை தீர்ந்துவிடும்; திறப்பது அப்படியே இறுக்கமாக இருக்கும். ஒரு பருவம் முழுவதும் அதோடு சுட்டால், முழங்காலில் வைத்து மடிப்பது, ஓங்கி அறைந்து மூடுவது போன்ற கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அறைந்து மூடுவது கீலையும் தின்னும்.

மாதம் ஒரு போட்டிக்குப் போகிறவர், இந்த விளையாட்டில் நீடிப்போமா என்று தெரியாதவர், மீதி மூன்று துப்பாக்கிகளை இன்னும் வாங்க வேண்டியவர் ஆகியோருக்கு இதுவே சரி. நான் யோசிக்காமல் சொல்லும் பதிலும் இதுதான்.

## வழி இரண்டு: அதே துப்பாக்கி, கன்ஸ்மித்தின் கையில்

கௌபாய் துப்பாக்கிகளை மட்டுமே செப்பனிடும் கன்ஸ்மித்கள் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது. அறைகளை மெருகேற்றி, வாய் விளிம்பைச் சரிப்பார்கள். குதிரை ஸ்பிரிங்குகளை மென்மையாக்குவார்கள். மேல்நெம்பின் ஸ்பிரிங்கை இளக்கி, கட்டைவிரல் பட்டால் நகரும்படி வைப்பார்கள். ஒன்றோடொன்று உரசும் உட்பரப்புகளைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். திறக்கும்போதெல்லாம் தானாக விழுந்து விசையைப் பூட்டிக்கொள்ளும் சேஃப்டியை, நாமாகப் போட்டால் மட்டும் விழும்படி மாற்றுவார்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாத துப்பாக்கியோடு போட்டிக்குப் போனவருக்குத்தான் அதன் அருமை தெரியும்: நிரப்பி, மூடி, குறிபார்த்து, விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. சேஃப்டியைத் தள்ள மறந்திருப்பார். எனக்கு ஒரே சுற்றில் இரண்டு முறை நடந்தது.

செப்பனிட்ட துப்பாக்கியை முதன்முதலாகத் திறந்தபோது, ஏதோ ஒரு பாகத்தைப் போட மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவ்வளவு இலகு.

குதிரை ஸ்பிரிங்கில்தான் கவனம் வேண்டும். மென்மையாக்க மென்மையாக்கத் திறப்பது எளிதாகும். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மீது விழும் அடியும் வலுவிழக்கும். ஓர் எல்லைக்குப் பிறகு, நூற்றில் ஒன்று வெடிக்காமல் போகும். ஒரு பிராண்டில் ஒழுங்காக வெடிப்பது இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். ஆகையால் நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவின் பெயரைக் கன்ஸ்மித்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் வெடித்த பிரைமரில் குத்து விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். இரு குழல்களிலும் அது ஆழமாக, நடுவில், ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மேலோட்டமாக இருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

மறைமுகச் செலவு இங்கே நிறைய. முழு வேலைக்கான கூலி பெரும்பாலும் துப்பாக்கி விலையின் பாதியைத் தொடும். சொந்தத் துப்பாக்கியை உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கு அனுப்பி நேரடியாகத் திரும்பப் பெறக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த அஞ்சல் நிறுவனம் யாரிடமிருந்து எடுக்கும் என்பதில் ஆளுக்கொரு விதி, காப்பீட்டோடு அனுப்பினால் கட்டணம் கசக்கும். நல்ல பெயர் எடுத்தவரிடம் வரிசை மாதக்கணக்கில் நீளும். தயாரிப்பாளரின் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். நாளைக்கு விற்கும்போது வேட்டைக்காரர் யாரும் கூடுதல் விலை தரமாட்டார். சேஃப்டி மாற்றியதைக் கேட்டு விலையைக் குறைத்தாலும் குறைப்பார். இன்னொரு கௌபாய் கிடைத்தால் மட்டும்தான் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. போட்டியை விட்டு விலகுபவரின் செப்பனிட்ட துப்பாக்கியை வாங்குவது. வரிசையும் இல்லை, அஞ்சலும் இல்லை. போட்டி மைதானத்திலேயே பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். உள்ளூர்க் குழுவில் 'வாங்கத் தயார்' என்று சொல்லி வைத்தால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

## வழி மூன்று: பழைய ஜப்பானியர்

எஸ்கேபி என்ற பெயரைக் கேட்டதும் இந்த மைதானங்களில் தலைகள் திரும்பும். 1855இல் சகாபா குடும்பம் தொடங்கிய பட்டறை. குடும்பப் பெயரிலிருந்து உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு மூன்று மெய்களை மட்டும் பெயராக வைத்துக்கொண்டார்கள். மாடல் 100, மாடல் 200 ஆகிய இரண்டும் பறவை வேட்டைக்காரர்களுக்காகச் செய்தவை. கௌபாய் போட்டியை மனத்தில் வைத்து அவற்றை யாரும் வடிவமைக்கவில்லை. ஆனாலும் எடை குறைவு, திறப்பில் மென்மை, பூட்டுவதில் இறுக்கம் என்று இந்த விளையாட்டுக்கு வேண்டியதெல்லாம் அவற்றில் அமைந்துவிட்டது. மாடல் 100இல் எக்ஸ்ட்ராக்டர் மட்டும். மாடல் 200இல் எஜெக்டர் உண்டு. அதைச் செயலிழக்கச் செய்யாமல் போட்டிக்குக் கொண்டுவர முடியாது. இதைத் தெரியாமல் அழகான 200ஐ வாங்கிவிட்டு, கன்ஸ்மித் கூலியைத் தனியாகக் கட்டியவர்கள் உண்டு. ஜப்பானில் மிரோகு தயாரித்த பிரௌனிங் பிஎஸ்எஸ் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். எடை கொஞ்சம் கூடுதல்.

நல்ல நிலையில் உள்ள மாடல் 100 ஆயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. கூட்டிப் பாருங்கள்: புது ஸ்டோகர், கன்ஸ்மித் கூலி, இருவழி அஞ்சல், காப்பீடு. இரண்டு தொகைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் பலர் எஸ்கேபி பக்கம் சாய்கிறார்கள். விலை விழாத பொருள் என்பதால் சாய்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வயது ஒரு செலவு. பல துப்பாக்கிகளுக்கு அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. உடையும் சிறு ஸ்பிரிங்குக்கு மாற்றுக் கிடைக்கவில்லை என்றால் ஒருவரைப் பிடித்துச் செய்விக்க வேண்டும். வேட்டைக்காகச் செய்தவை என்பதால் குழல்கள் பெரும்பாலும் நீளம். ரவை பரவாமலிருக்கக் குழல் நுனியைக் குறுக்கும் சோக் இறுக்கமாக இருந்தால் அருகிலிருக்கும் தகட்டுக்கு அது தேவையே இல்லை. மேலும், உள்ளே துருவில்லாத, மரத்தில் கீறலில்லாத ஒரு பழைய துப்பாக்கியைப் போட்டித் தூசியில், மாதம் நூறு தோட்டா என்று வாட்டி எடுக்க எல்லோருக்கும் மனம் வராது. எனக்கு வரவில்லை. என் நண்பர் ஒருவருக்கு வந்தது; அவர் வெல்கிறார், நான் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாதம் இரண்டு மூன்று போட்டி, வேகத்தில் கண், கையில் பணம், ஒரே முறை வாங்கிவிட்டு மறந்துவிட வேண்டும் என்ற எண்ணம். இந்த நான்கும் இருந்தால் தேடத் தொடங்குங்கள்.

## வழி நான்கு: குதிரை வெளியே இருப்பது

'கிளாசிக் கௌபாய்' பிரிவில் சுட ஆசைப்பட்டால் வேறு வழியில்லை. குதிரைகள் வெளியே தெரியும் இரட்டைக்குழலோ 1887 லீவர் ஷாட்கன்னோதான் வேண்டும். திறப்பது பெரும்பாலும் இலகு, ஏனென்றால் மடிப்பதால் இங்கே குதிரை ஏறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நிரப்பலுக்கும் இரண்டு குதிரைகளையும் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். நேரம் போகும். அழகுக்காக அதைப் பொறுத்துக்கொள்பவர்கள்தான் இந்தப் பிரிவுக்கு வருகிறார்கள். நூறு வயதுப் பழசை வாங்கினால், அறையின் நீளத்தையும் குழலின் உலோகத்தையும் ஒரு கன்ஸ்மித் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். முறுக்கிய இரும்பில் செய்த டமாஸ்கஸ் குழல் சுவரில் தொங்கினால் எவ்வளவு அழகோ, இன்றைய தோட்டாவோடு அவ்வளவு ஆபத்து.

## வழி ஐந்து: இரட்டைக்குழலுக்கே கும்பிடு

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897, வெளியே தெரியும் குதிரையோடு கூடிய பம்ப். 1957 வரை தயாரானது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சீனாவில் செய்த நகல்களும் உண்டு. கூடு சிக்கும் பிரச்சினை ஏறத்தாழ இல்லை, எந்திரமே இழுத்து வெளியே போடுகிறது. போட்டியில் ஒரு நேரத்தில் இரண்டு தோட்டாவுக்கு மேல் நிரப்ப முடியாது என்பதால் கொள்ளளவு சாதகமாகாது. கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கும். உள்ளே பாகங்கள் அதிகம். எண்ணற்ற தோட்டாக்களைப் பார்த்த கிழட்டுத் துப்பாக்கி, எதிர்பாராத நாளில் மக்கர் செய்யும். சீன நகலுக்கும் செப்பனிடல் தேவைப்படும். இடக்கைக்காரருக்கு இரட்டைக்குழலே மேல், ஏனென்றால் 1897 கூட்டை வலப்பக்கம் வீசுகிறது. பெரிய தகடு வரிசைகளில் மட்டும் தேர்ந்த கை ஒன்று இதில் சுடுவதைப் பார்த்தால் ஆசை வரும்.

## பக்கத்துப் பக்கமாக

| வழி | மொத்தச் செலவு | காத்திருப்பு | உதறல் | திறப்பு | கவனிக்க |
|---|---|---|---|---|---|
| புதிது, வீட்டு வேலை | குறைவு | ஒரு வார இறுதி | நன்று | இறுக்கம், மெல்லப் பழகும் | கெட்ட பழக்கம் |
| புதிது, கன்ஸ்மித் | நடுத்தரத்துக்கு மேல் | மாதக்கணக்கில் | மிக நன்று | மிக இலகு | ஸ்பிரிங் அளவு, வாரண்டி |
| செப்பனிட்ட பழையது | நடுத்தரம் | அதிர்ஷ்டம் | நன்று | இலகு | யார் வேலை செய்தது |
| எஸ்கேபி, பிஎஸ்எஸ் | அதிகம், விற்றால் திரும்பும் | தேடும் காலம் | நன்று, மெருகேற்றினால் இன்னும் நன்று | இலகு | எஜெக்டர், உதிரிபாகம் |
| வெளிக்குதிரை | பல தரம் | குறைவு | மெருகைப் பொறுத்தது | இலகு, ஆனால் குதிரை ஏற்ற வேண்டும் | பழசின் பாதுகாப்பு |
| 1897 பம்ப் | நடுத்தரம் | குறைவு | தேவையில்லை | பொருந்தாது | பயிற்சி, தேய்மானம் |

## குழலை அறுக்கும் ஆசை

நீளக் குழலோடு எஸ்கேபி வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் காய்ச்சல் இது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஷாட்கன்னின் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் முன் அனுமதியும் பதிவும் வேண்டும். இல்லாமல் வைத்திருப்பது பெருங்குற்றம். அதனால் அறுப்பவர்கள் இருபதில் நிறுத்துகிறார்கள்.

ஆனால் அறுக்கத்தான் வேண்டுமா? மேசையிலிருந்து எடுத்துச் சுழற்றக் குட்டைக் குழல் வசதி. நீளக் குழலுக்கு முன்பாரம் இருப்பதால் நெம்பைத் தொட்டதும் தானே சாயும், உதைப்பும் சற்றுக் குறையும். இருபத்துநான்கு, இருபத்தாறு அங்குலத்தில் விரட்டிச் சுடுபவர்களை நிறையப் பார்க்கலாம். அறுத்தால் சோக் போகும், விலையும் போகும். ஒரு பருவம் அப்படியே சுட்ட பிறகும் அறுக்கத் தோன்றினால் அப்போது கன்ஸ்மித்திடம் கொடுங்கள். அதைவிட, தோள்கட்டையை உங்கள் கைக்கு ஏற்ற நீளத்துக்குக் குறைத்து ஒரு ரப்பர் பட்டை வைப்பதில் பலன் அதிகம். கடையில் இருப்பவை நம்மில் பலருக்கு ஒரு விரற்கடை நீளம். குளிருக்குப் போட்ட கோட்டில் சிக்காமலிருக்க, ரப்பரின் மேல் விளிம்பை வழவழப்பாக்கச் சொல்லுங்கள்.

## பழையதைக் கையில் எடுக்கும்போது

விற்பவரிடம் அனுமதி கேட்டு, காலியா என்று இருவரும் பார்த்துக்கொண்ட பிறகு, மூடிய நிலையில் மேல்நெம்பைக் கவனியுங்கள். அதிகம் உழைக்காத துப்பாக்கியில் நெம்பு நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். உழைக்க உழைக்க நடுவுக்கு வரும். நடுவையும் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால், பூட்டும் பகுதி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து முன்கட்டையைக் கழற்றுங்கள். அதன் ஸ்பிரிங் குழல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் ஆட்டம் வெளியே தெரியாது. கழற்றிய பின் துப்பாக்கியை மூடி, தோள்கட்டையைப் பிடித்துக் காதருகே மெல்ல ஆட்டிப் பாருங்கள். நல்ல துப்பாக்கி வாய் திறக்காது. கீல் தளர்ந்திருந்தால் 'டக், டக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் விற்பவர் விலையைக் குறைக்க முன்வருவார். குறைத்தாலும் வாங்காதீர்கள், கீலை இறுக்கும் வேலைக்கு ஆகும் கூலியில் ஒரு புதுத் துப்பாக்கியின் பாதி வந்துவிடும்.